கேள்வி நேரம்: இரண்டாம் கோப்பை யாருக்கு?

அயர்லாந்தின் கேலிக் கால்பந்து பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. வலுக்குறைந்த அணிகளுக்கு அங்கே டால்ட்யன் கப் என்று தனிக் கோப்பை நடத்துகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தோம். அதைத் தொட்டு நெல்லை, தென்காசிப் பக்கமிருந்து எதிர்பாராத அளவுக்குக் கடிதங்கள். சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

மக அயர்லாந்துல நர்ஸா இருக்கா. மீத் கவுண்டியில (நம்ம ஜில்லா மாதிரி) வீடு. பேரன் போன்ல, "தாத்தா, நாங்க 2023-ல டால்ட்யன் கப் ஜெயிச்சவங்க"ன்னு பெருமையாச் சொல்லுதான். பக்கத்து வீட்டுக்காரர் "அது இரண்டாம் தரம்தானே"ன்னு சிரிச்சாராம். பேரனுக்கு நான் என்ன சொல்ல அண்ணாச்சி?
(பாளையங்கோட்டை வாசகர்)

பேரன் சொன்னது சரி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதிலும் பிழையில்லை, சிரித்ததுதான் தப்பு.

ஆட்டத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அணிக்கு 15 பேர். பந்தைக் கையாலும் ஆடலாம், காலாலும் ஆடலாம். இரு முனையிலும் H வடிவக் கம்பம். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. கம்பிக்கு மேலே இரு கம்பங்களுக்கு நடுவே போனால் 1 புள்ளி. 2025 முதல் 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்து மேலே போக்கினால் 2 புள்ளி. ஸ்கோரை 2-13 என்று எழுதுவார்கள்: 2 கோல், 13 புள்ளி, மொத்தம் 19. பேரன் சொல்லும் 2023 இறுதி ஆட்டத்தில் மீத் 2-13, டவுன் கவுண்டி 0-14. அதாவது 19-க்கு 14.

அகில அயர்லாந்து சாம்பியனுக்குக் கொடுப்பது சாம் மகுவயர் கோப்பை. 32 கவுண்டிகளில் கில்கெனி இந்த முதன்மைப் போட்டியில் இறங்குவதில்லை. அவர்களுக்கு மட்டையும் சிறு பந்துமாக ஆடும் ஹர்லிங்தான் உயிர். வெளியிலிருந்து லண்டனும் நியூயார்க்கும் சேருவதால் ஆக மொத்தம் 33 அணி. 2023-லிருந்து 2025 வரை இவற்றில் 16 அணி சாம் மகுவயருக்கும் மீதி 17 அணி டால்ட்யனுக்கும் போயின. பிரிப்பு யார் விருப்பத்துக்கும் நடப்பதல்ல. நான்கு மாகாணங்களின் இறுதிக்கு வந்த 8 அணிகளுக்கு மேலே இடம் உறுதி. முந்தைய ஆண்டு டால்ட்யன் வென்ற அணிக்கு ஓர் இடம். மிச்ச இடங்கள் தேசிய லீக் தரவரிசைப்படி.

பேரனுக்குச் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. 2023-ல் இரண்டாம் கோப்பை வென்ற அதே மீத், 2025-ல் டப்ளினை வென்றது, கெரியை வென்றது, கால்வேயை வென்றது, அகில அயர்லாந்து அரையிறுதியில் டோனகாலிடம்தான் தோற்றது. அந்தக் கெரிதான் அந்த ஆண்டின் சாம்பியன். இதெல்லாம் டால்ட்யன் ஒன்றால் மட்டும் வந்தது என்று நாங்கள் சொல்லமாட்டோம். மீத் ஏற்கெனவே 7 முறை அகில அயர்லாந்து வென்ற பழைய பெருங்கை. ஆனாலும் கீழே இருந்த கோடையில் ஓர் இளம் அணிக்குத் தொடர்ந்து ஆட்டம் கிடைத்தது, இறுதி ஆட்டத்தை டப்ளினின் பெரிய மைதானமான குரோக் பார்க்கில் ஆடவும் முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

பெரிய அணியோட மோதி அடிபட்டாத்தானே சின்ன அணி வளரும்? தனிக் கோப்பைன்னு ஒதுக்கி வைக்கது, பந்தியில சிலருக்கு மட்டும் தனியா ஓரமா இலை போடுத மாதிரி இல்லையா?
(சங்கரன்கோவில் வாசகர்)

காரமான கேள்வி. இதே கேள்வியை அயர்லாந்திலும் பல ஆண்டு கேட்டார்கள். பல கவுண்டி ஆட்டக்காரர்கள் இரண்டாம் கோப்பையை அவமானமாகவே பார்த்தார்கள்.

அங்கே உள்ள நிலைமையைப் பார்க்க வேண்டும். கேலிக் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியர், விவசாயி, எலெக்ட்ரீசியன் என்று பகலில் வேலை, மாலையில் பயிற்சி. தன் கவுண்டிக்குத்தான் ஆட முடியும், காசு கொடுத்து வேற்றூர்க்காரரை இழுக்க முடியாது. 2022 மக்கள்தொகைக் கணக்கில் டப்ளினில் 14.5 லட்சம் பேருக்கு மேல்; லீட்ரிமில் சுமார் 35,000 பேர். இரண்டும் 15 பேரைத்தான் இறக்க வேண்டும். லீட்ரிம் எத்தனை முறை அடிபட்டாலும் அதன் மக்கள்தொகை வளரப் போவதில்லை.

2000 வரை சாம்பியன்ஷிப் நேரடி வெளியேற்றம். தோற்றால் வீடு. மழையிலும் குளிரிலும் மாதக்கணக்கில் பயிற்சி செய்து, கோடையில் 70 நிமிடம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போன அணிகள் ஏராளம். 2001-ல் தோற்றவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு வந்தது. அந்த ஆண்டே கால்வே தன் மாகாணத்தில் தோற்று, பின்வாசல் வழியாக வந்து கோப்பையையே எடுத்தது. ஆனால் சின்ன கவுண்டிக்கு அதனால் கிடைத்தது இன்னும் ஓர் ஆட்டம், பெரும்பாலும் இன்னும் ஓர் அடி. 2023-லிருந்து 2025 வரை நடந்த டால்ட்யன் குழு முறையில் ஒரு சின்ன கவுண்டிக்கு மாகாணப் போட்டியில் குறைந்தது 1, குழுவில் 3, ஆக 4 ஆட்டம் உறுதியாக இருந்தது. (நியூயார்க் மட்டும் விதிவிலக்கு, குழுவில் ஆடாமல் நேரே வெளியேற்றச் சுற்றுக்கு வந்தது.)

அடிபட்டு வளர்வது உண்மைதான், ஆனால் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் இருப்பவரிடம் அடிபட்டால். 2024 ஜனவரியில் ரஞ்சி டிராபி பிளேட் பிரிவில் ஹைதராபாத் அணி அருணாச்சலப் பிரதேசத்தைச் சந்தித்தது. முதல் நாள் முடிவில் ஹைதராபாத் 1 விக்கெட்டுக்கு 529. தன்மய் அகர்வால் 147 பந்தில் 300. அன்று பந்து வீசியவர்கள் என்ன கற்றிருப்பார்கள்? பந்தைப் பொறுக்கி வரக் கற்றிருப்பார்கள். மேல் பிரிவிலிருந்து கீழே இறக்கப்பட்ட ஹைதராபாத் அந்தப் பிரிவுக்கு மிகப் பெரிய அணி என்பதுதான் அங்கே கோளாறு. இரண்டாம் தரம் என்று பெயர் வைத்தால் போதாது, உள்ளே இருப்பவர்களுக்குள் சமநிலை இருக்க வேண்டும்.

இலை உவமைக்கு எங்கள் பதில் இது: தனி இலையில் உட்கார்ந்தவர் அடுத்த பந்தியில் நடுவில் உட்கார வழி இல்லையென்றால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. வழி இருக்கிறதா என்பதை வைத்துத்தான் எந்த இரண்டாம் கோப்பையையும் நாங்கள் எடைபோடுவோம்.

இதுக்கு முன்னாடியும் அயர்லாந்துல இந்த மாதிரிக் கோப்பைகள் வந்து நின்னுபோச்சுன்னு படிச்சேன். இது மட்டும் நிக்குமா?
(கடையநல்லூர் வாசகர்)

சரியாகப் படித்திருக்கிறீர்கள். 1990-களில் 'பி' சாம்பியன்ஷிப் நடந்தது. அதைப் பெரிதாக யாரும் கொண்டாடவில்லை. ஆனால் பலனைப் பாருங்கள். 1990-ல் லீட்ரிம் அதை வென்றது. 1994-ல் கன்னாட் மாகாணப் பட்டத்தையே எடுத்தது, 1927-க்குப் பிறகு முதல் முறை. 1991-ல் கிளேர் வென்றது. அடுத்த ஆண்டே கெரியைத் தோற்கடித்து மன்ஸ்டர் மாகாணப் பட்டம், 1917-க்குப் பிறகு முதல் முறை. இரண்டு சின்ன கவுண்டிகள், இரண்டு தலைமுறை ஏக்கம். ஜெயித்துப் பழகாத அணிக்கு ஜெயிக்கும் பழக்கம் எங்காவது கிடைத்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அடுத்து 2004-ல் டாமி மர்ஃபி கோப்பை. ஐந்தே ஆண்டு. கிளேர், டிப்பரரி, லௌத், விக்லோ, ஆன்ட்ரிம் என்று வரிசையாக ஐந்து அணிகள் வென்றன. 2008-க்குப் பிறகு இல்லை. கெட்டுப்போனது எங்கே என்றால், 2007-லும் 2008-லும் தேசிய லீக்கின் கடைசிப் பிரிவான நான்காம் டிவிஷன் அணிகளுக்கு மேல் போட்டியின் இரண்டாம் வாய்ப்பை அடைத்துவிட்டு "உங்களுக்கு இதுதான்" என்று கொடுத்தார்கள். வென்றாலும் மேலே போக ஏணி இல்லை. அப்போது அது பரிசாகத் தெரியாது, தண்டனையாகத்தான் தெரியும்.

டால்ட்யனை 2019 அக்டோபரில் கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் சிறப்பு மாநாட்டில் நிறைவேற்றினார்கள். கொரோனா தள்ளிப்போட்டு, 2022-ல் தொடங்கியது. வெஸ்ட்மீத் முதல் சாம்பியன், காவனைத் தோற்கடித்து. இதில் இரண்டு காரியம் திருத்தப்பட்டது. வென்ற அணிக்கு அடுத்த ஆண்டு சாம் மகுவயரில் இடம் உறுதி. இறுதி ஆட்டம் 82,000 பேர் அமரும் குரோக் பார்க்கில், பெரிய அரையிறுதி நடக்கும் அதே நாளில், அதே மைதானத்தில். 2022 ஜூலை 9 அன்று கால்வே, டெரி அரையிறுதிக்கு முன்னால் வெஸ்ட்மீத் கோப்பையைத் தூக்கியது.

ஹர்லிங்கில் இந்த அடுக்கு முறை இன்னும் ஆழமாக இருக்கிறது, ஐந்து தரம். 2019-ல் லீஷ் அணி இரண்டாம் தரமான ஜோ மெக்டோனா கோப்பையை வென்றது. அதன் இறுதிக்கு வந்தவர்களுக்கு அந்த ஆண்டே மேல் போட்டியில் ஓர் ஆட்டம் உண்டு என்பது அப்போதைய விதி. அடுத்த வாரமே லீஷ் டப்ளினைத் தோற்கடித்தது. ஒரு வருஷம் காத்திருக்கும் ஏணியைவிட ஒரு வாரத்தில் ஏறும் ஏணி நல்லது என்பது எங்கள் கட்சி. அதில் ஆபத்தும் உண்டு. 2018-19 ரஞ்சியில் பிளேட் பிரிவில் முதலிடம் பிடித்த உத்தராகண்ட் அதே பருவத்தில் காலிறுதிக்கு வந்து, விதர்பாவிடம் இன்னிங்ஸ் தோல்வி கண்டது. தோற்றாலும் பாதகமில்லை, வாசல் திறந்திருந்தது.

டால்ட்யனில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 2023 மீத், 2024 டவுன், 2025 கில்டேர். மூன்றுமே முன்பு அகில அயர்லாந்து வென்ற கவுண்டிகள்: மீத் 7, டவுன் 5, கில்டேர் 4. மேலே இருந்து சறுக்கி வந்தவர்கள் கொஞ்ச காலம் தங்கி, கோப்பையை எடுத்துக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். லீட்ரிம், கார்லோ, வாட்டர்ஃபோர்ட் போன்ற நிஜமான சின்ன அணிகளுக்கு இன்னும் எட்டவில்லை. மூன்றாம் தரம் ஒன்று வேண்டும் என்று சிலர் சொல்வது இதனால்தான். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. 33 அணியை மூன்றாக வெட்டினால் பிரிவுக்கு 11. அடியில் உள்ள பிரிவை டிவி எட்டிப் பார்க்காது.

எங்க ஊர்க் கொடைக்கு வருஷா வருஷம் மின்னொளி கபடி நடத்துதோம். 16 அணி வரும். பக்கத்து ஊர்ச் சின்னப் பயலுவ அணிகள் ஒரு ஆட்டம் ஆடித் தோத்துட்டு, மறு வருஷம் வரதே இல்லை. நீங்க எழுதின மாதிரி இரண்டாம் கோப்பை வைக்கலாம்னு கமிட்டியில பேசுதோம். எப்படி வைக்க? எங்க மோசம் போகும்?
(திசையன்விளை பக்கத்து விழாக் கமிட்டி)

இந்தக் கடிதத்துக்குத்தான் அதிக இடம் கொடுக்கிறோம்.

உங்கள் முன் இரண்டு வழி. முதலாவது எளிது: முதல் சுற்றில் தோற்ற 8 அணிகளும் இரண்டாம் கோப்பைக்குள் விழும். நேரடி வெளியேற்றத்தில் 16 அணிக்கு 15 ஆட்டம். இதில் முதல் சுற்று 8, பெரிய கோப்பைக்கு 7, இரண்டாம் கோப்பைக்கு 7, மொத்தம் 22. ஏழே ஆட்டம் கூடுதல். கீழே சொல்லும் விதிவிலக்குகள் போக, எந்த அணியும் இரண்டு ஆட்டம் ஆடாமல் பஸ் ஏறாது.

நேரத்தைப் போட்டுப் பாருங்கள். ஆண்களுக்கு முறையான ஆட்டம் 20 நிமிடம், 5 நிமிட இடைவேளை, 20 நிமிடம். அணி இறங்க, ஏற, தகராறு தீர என்று சேர்த்தால் ஓர் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம். 22 ஆட்டம் ஒரே களத்தில் 22 மணி நேரம், நடக்காது. முதல் சுற்றையும் காலிறுதி, அரையிறுதிகளையும் 15-5-15 ஆக்குங்கள், ஆட்டத்துக்கு 45 நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு களம் போட்டால் சாயங்காலம் 4 மணிக்குத் தொடங்கி நள்ளிரவை ஒட்டி அரையிறுதிகள் முடியும். இறுதி இரண்டையும் மட்டும் முழு 40 நிமிடம் ஆடுங்கள். இரண்டு களத்துக்கு இடம் இல்லையென்றால் முதல் சுற்றை முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

இந்த வழியில் வரும் முதல் கோளாறு, இரண்டு பலமான அணிகள் முதல் சுற்றிலேயே மோதிக்கொள்வது. தோற்ற பலசாலி கீழே இறங்கி, சின்ன அணிகளை வரிசையாகச் சாய்த்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு போவான். மேலே சொன்ன மீத் கதைதான். அதனால் சீட்டுக் குலுக்கலை முழுக்கக் குருட்டாம்போக்கில் விடாதீர்கள். போன வருஷ அரையிறுதி அணிகள் நான்கையும் நான்கு கால்பகுதிக்கு ஒன்றாக முதலில் எழுதிவிட்டு, மற்ற 12-க்கு மட்டும் குலுக்குங்கள். அந்த நான்கில் ஒன்று முதல் சுற்றில் தோற்றால் அதற்கு இரண்டாம் கோப்பை கிடையாது என்றும் நோட்டீஸில் போடுங்கள். அதன் இடத்துக்கு எதிரணிக்கு நேரடி அரையிறுதி.

இரண்டாவது கோளாறு, வேண்டுமென்றே தோற்பது. பெரிய கோப்பையில் காலிறுதியில் தோற்றவனுக்கு ஒன்றுமில்லை, இரண்டாம் கோப்பையில் முதல் பரிசு 15,000 என்று வைத்தால், நடுத்தர அணி கணக்குப் போட்டுத்தான் ஆடும். பரிசுப் பட்டியல் அந்த ஆசையைக் கொல்ல வேண்டும். உதாரணத்துக்கு: பெரிய கோப்பை 30,000, 20,000, அரையிறுதியில் தோற்ற இரண்டுக்கும் தலா 10,000, காலிறுதியில் தோற்ற நான்குக்கும் தலா 2,000. இரண்டாம் கோப்பை 8,000, 5,000. மொத்தம் 91,000. எந்த அளவிலும் இரண்டாம் கோப்பை முதல் பரிசு பெரிய கோப்பை அரையிறுதிப் பணத்தைத் தாண்டக் கூடாது. கோப்பையின் உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பையன்கள் ஊருக்குத் தூக்கிப் போவது பணத்தை அல்ல.

இரண்டாவது வழி, பெயர் பதியும்போதே 8, 8 என்று பிரிப்பது. ஒவ்வொரு பிரிவிலும் நான்கு அணிக் குழு இரண்டு. குழுவுக்கு 6 ஆட்டம், அரையிறுதி 2, இறுதி 1 சேர்த்துப் பிரிவுக்கு 15, மொத்தம் 30. ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டம் உறுதி. இரண்டு களத்தில் இரண்டு சாயங்காலம் வேண்டும். போன வருஷ முடிவு கையில் இருந்தால்தான் இப்படிப் பிரிக்க முடியும். ஆகவே இந்த ஆண்டு முதல் வழி, அதன் முடிவை வைத்து அடுத்த ஆண்டு இரண்டாம் வழி என்று போனால் சண்டை வராது. "எங்களை எப்படி 'பி'-யில போட்டீக?" என்று கேட்பவரிடம் எடுத்துக் காட்டத் தாள் இருக்கும்.

குழு ஆட்டம் என்றால் புள்ளி முறை வேண்டும். புரோ கபடி லீக்கில் பல சீசன்கள் ஓடிய முறை நல்லது: வெற்றிக்கு 5, சமனுக்கு 3, 7 புள்ளிக்குள் தோற்றால் 1. அந்த ஒரு புள்ளிக்காகத் தோற்கும் அணி கடைசி ரெய்டு வரை ஆடும். ஜெயிக்கும் அணியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்காது. ஒரே குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் இரண்டு களத்தில் ஒரே நேரத்தில் விடுங்கள். ஒன்று முடிந்து மற்றது நடந்தால் "எத்தனை புள்ளியில தோத்தா போதும்" என்ற கணக்கு வந்துவிடும்.

ஆனால் சின்ன அணிகள் திரும்பி வராததற்கு முழுக்காரணம் தோல்வி அல்ல. யாரிடம் தோற்றோம் என்று அவர்களுக்கே தெரியாததுதான். ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டு ஏழில் ஐந்து பேர் வெளியூரிலிருந்து பணத்துக்கு இறங்கினால், அந்த ஆட்டத்தில் எந்த ஊர் தோற்றது? பெரிய கோப்பையில் அதை நிறுத்த உங்களால் முடியாது, கூட்டம் வருவதே அவர்களுக்காகத்தான். இரண்டாம் கோப்பையில் நிறுத்தலாம், நிறுத்தவே வேண்டும். 12 பேர் பட்டியலில் வெளியூர்க்காரர் 2 பேருக்கு மேல் கூடாது. முதல் ஆட்டத்துக்கு முன்பே பட்டியலில் கேப்டன் கையெழுத்து, ஆதார் நகல், செல்போனில் அணியை நிற்கவைத்து ஒரு போட்டோ. அந்தப் போட்டோதான் இரவு 11 மணித் தகராறைத் தீர்க்கும். முதல் வழியில் நடத்தினால் எல்லா அணிக்கும் இந்த விதியை முன்கூட்டியே சொல்லுங்கள்: வெளியூர் ஆட்டக்காரர் அதிகம் உள்ள அணி தோற்றால் நேரே வீடு.

எடை: ஆண்கள் பிரிவில் உச்ச வரம்பு 85 கிலோ. டிஜிட்டல் தராசை மணலில் வைத்தால் எடை தப்பாகக் காட்டும். கடப்பா கல் அல்லது கனமான பலகை மேல் வைத்து, கடையில் 20 கிலோ எடைக்கல் வாங்கி ஏற்றிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அணிகளின் கண் முன்னால் பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

களம் 13-க்கு 10 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதிலிருந்து 1 மீட்டரில் போனஸ் கோடு. உங்கள் பக்கத்துத் தேரி மண் காலை விழுங்கும், ரெய்டருக்கு வேகமே வராது. சலித்த செம்மண்ணை மேலே பரப்பி, முந்தின நாள் மாலை நனைத்து உருட்டி, காலையில் லேசாகத் தெளித்தால் போதும். கோட்டுக்கு நீற்றுச் சுண்ணாம்பு வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து கண்ணிலும் சிராய்ப்பிலும் எரிக்கும், கோலப்பொடி போதும். இரண்டாவது களத்தை "சின்ன அணிகளுக்குத்தானே" என்று கல்லோடு விட்டுவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. முட்டி கிழிவது சின்னப் பையனுக்குத்தான்.

நடுவர் விஷயமும் அப்படியே. களத்துக்கு ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர். பழகுநர்களை எல்லாம் இரண்டாம் களத்தில் குவிக்காமல் கலந்து போடுங்கள்.

கடைசியாக, நோட்டீஸில் அச்சிட வேண்டிய இரண்டு வரி. "இரண்டாம் கோப்பையில் வெற்றி பெறும் அணியும் இரண்டாம் இடம் பெறும் அணியும் அடுத்த ஆண்டு பெரிய கோப்பையில் நுழைவுக் கட்டணமின்றி ஆடும்." "இரண்டாம் கோப்பை இறுதி ஆட்டம், பெரிய கோப்பை இறுதிக்கு நேர் முன்னால் முதல் களத்தில் நடைபெறும்." இரண்டாவது வரியை விடாப்பிடியாகக் காப்பாற்றுங்கள். எம்.எல்.ஏ. வருகிறார், பொன்னாடை இருக்கிறது என்று சொல்லி அந்த இறுதியை மதியம் 3 மணி வெயிலுக்குத் தள்ளத்தான் பார்ப்பார்கள். பேச்சையும் பொன்னாடையையும் அரையிறுதிக்கு முன்னால் வைத்து முடித்துவிட்டால், கூட்டமும் சிறப்பு விருந்தினரும் மைக்கும் மூன்றும் அந்தப் பையன்களுக்குக் கிடைக்கும்.

'பி' பிரிவுல ஜெயிச்ச அணி, "மேல போனா அடிதான் விழும், நாங்க இங்கயே இருக்கோம்"னா என்ன செய்ய?
(அம்பாசமுத்திரம் வாசகர்)

போக வேண்டும். இல்லையென்றால் ஓர் ஆண்டு எந்தப் பிரிவிலும் இடமில்லை. தங்கவிட்டால் அடுத்த மூன்று ஆண்டும் அவர்களே ஜெயிப்பார்கள், மற்ற ஏழு அணிகளும் கழன்றுகொள்ளும். அடிதான் விழும் என்ற பயம் நியாயமானது என்பதால், மேலே போகும் முதல் ஆண்டில் மட்டும் போன வருஷச் சாம்பியனோடு முதல் சுற்றில் மோதாதபடி சீட்டை எழுதுங்கள்.

மக பள்ளிக்கூட வாலிபால் அணியில இருக்கா. இந்த மாதிரி ஊர்க் கோப்பை, இரண்டாம் பிரிவுச் சான்றிதழெல்லாம் வேலைக்கு உதவுமா?
(ஆலங்குளம் வாசகி)

தமிழக அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு ஏற்கப்படுவது அங்கீகரிக்கப்பட்ட சங்கங்களும் அரசும் நடத்தும் போட்டிகள். கொடைக் கோப்பைச் சான்றிதழ் அங்கே செல்லாது. முதலமைச்சர் கோப்பை, பள்ளிக்கல்வித் துறைப் போட்டிகள் ஆகியவற்றுக்குப் பெயர் கொடுப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள் அம்மா. ஊர்க் கோப்பையில் மகளுக்குக் கிடைப்பது ஆட்ட நேரம். பெரிய அணியில் உட்கார்ந்து பார்ப்பதைவிட இரண்டாம் அணியில் ஆறில் ஒருத்தியாக முழு செட்டும் ஆடுவது தேர்வு நாளில் கையில் தெரியும்.

கேலிக் கால்பந்தை நம்ம ஊர்ல ஆடிப் பார்க்க முடியுமா? சாமான் எங்க வாங்க?
(பணகுடி கல்லூரி மாணவர்)

முடியும், கொஞ்சம் வெட்டித் தைக்க வேண்டும். முறையான களம் 130 முதல் 145 மீட்டர் நீளம், 80 முதல் 90 மீட்டர் அகலம். நம் கல்லூரிக் கால்பந்துத் திடல் சுமார் 105-க்கு 68. அதில் 15 பேர் இறங்கினால் நெரிசல். 11 பேர் அல்லது 9 பேர் ஆடுங்கள்.

பந்து 480 முதல் 500 கிராம், சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். 5-ம் எண் கால்பந்து அதே சுற்றளவுதான், எடை மட்டும் 410 முதல் 450. தொடக்கத்துக்கு அதுவே போதும். வாலிபால் வேண்டாம், 280 கிராமைத் தாண்டாது, உங்கள் ஊர்க் காற்றில் உதைத்த திசைக்குப் போகாது.

கம்பத்துக்குப் புதிதாகச் செலவு செய்யாதீர்கள். கேலிக் கோல் 6.5 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம். கால்பந்து கோல் 7.32-க்கு 2.44. சற்று அகலம், பரவாயில்லை. இரு பக்கமும் 7 மீட்டர் மூங்கிலைத் தரையிலிருந்தே கோல் கம்பத்தோடு ஒட்டி மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டினால் H வந்துவிடும். பி.வி.சி. குழாய் வளைந்து ஆடும், பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று சண்டை வரும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று எடுக்கும்போது மூங்கிலுக்கு இழுகயிறு கட்டாயம்.

விதியில் முதலில் பழக வேண்டியது நடை. பந்தைக் கையில் வைத்து நான்கு எட்டுக்கு மேல் ஓடக் கூடாது. தரையில் ஒரு முறை தட்ட வேண்டும், அல்லது கால் நுனியால் தட்டிக் கைக்கே திருப்ப வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை தரையில் தட்டக் கூடாது. தரையில் கிடக்கும் பந்தை நேரே கையால் எடுக்கவும் ஆண்கள் ஆட்டத்தில் அனுமதி இல்லை, கால் நுனியால் கோரித்தான் கையில் வாங்க வேண்டும். புல் இல்லாத கட்டாந்தரையில் புதியவர் அதைச் செய்தால் பெருவிரல் நகம் போகும். பெண்கள் கேலிக் கால்பந்தில் நேரே கையால் எடுக்கலாம். முதல் சில வாரம் எல்லோரும் அந்த விதியிலேயே ஆடுங்கள், ஷூ போட்டுக்கொண்டு.